கடல் பக்கம் வீடு: என்ன டூல்ஸ் வாங்கலாம், எப்படிப் பேர் போடலாம், துருவை எப்படி நிறுத்தலாம்?

காலடிப்பேட்டை முதல்மாடி

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் குடியேறியிருக்கிறோம். கடல் நடக்கிற தூரம். காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. ஊரிலிருந்து அப்பாவின் சுத்தியல், கட்டிங் பிளையர், இழைப்புளி எல்லாம் கொண்டுவந்தேன். அங்கே வருஷக்கணக்கில் சும்மா கிடந்தும் ஒன்றும் ஆகாத இரும்பு, இங்கே ஒரு மழைக்காலத்தில் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

கேள்வி மூன்று. வீட்டு வேலைக்கு முதலில் எதை வாங்க வேண்டும், டிரில் மெஷின் உட்பட? இரண்டாவது, எங்கள் காம்பவுண்டில் நான்கு குடித்தனம். எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி மஞ்சள் சிவப்பு கைப்பிடி பிளையர். யாருடையது யாரிடம் இருக்கிறது என்றே தெரிவதில்லை. அழியாத அடையாளம் எப்படிப் போடுவது? மூன்றாவது துரு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஃபிட்டர்

தம்பி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையால் செய்கிற டூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மெஷினைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

பெட்டியில் அடுக்கி 'நூறு பீஸ் செட்' என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் முக்கால்வாசி சின்னச் சின்ன பிட்டும் ஆணியும் கொக்கியும்தான், எண்ணிக்கை காட்டுவதற்கு வைத்தது. நமக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு சாமான். எட்டு இஞ்ச் கட்டிங் பிளையர், ஒரு நோஸ் பிளையர், இரண்டாம் நம்பர் பிளஸ் திருப்புளி, ஒரு தட்டைத் திருப்புளி, டெஸ்டர், பத்து இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பானர், அரை கிலோ சுத்தியல், ஹாக்சா, ஐந்து மீட்டர் டேப், ஒரு ரசமட்டம், ஒரு அரை வட்ட அரம். வண்டி இருந்தால் 8 முதல் 19 வரை ரிங் ஸ்பானர் சேர்த்துக்கொள்ளுங்கள். நாசிக்கில் தயாராகும் டப்பாரியா போதும், வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

பேரைப் பார்த்து வாங்குவதைவிட கடையிலேயே சோதித்து வாங்குவது முக்கியம். பிளையரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் வாயில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பில் தாளின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். கசங்காமல் வெட்ட வேண்டும். ஸ்க்ரூ ஸ்பானரின் நகரும் தாடையை விரலால் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் அது நட்டின் மூலையைத்தான் தின்னும். திருப்புளி முனையின் விளிம்பு கூர்மையாக, ஒழுங்காக வெட்டப்பட்டிருக்க வேண்டும். உருண்டிருந்தால் ஸ்க்ரூ தலை போச்சு.

ஹாக்சா பிளேடு இஞ்சுக்கு 24 பல் உள்ளதாக வாங்குங்கள். மெல்லிய தகட்டுக்கு 32. வெட்டுகிற இரும்பின் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது உட்கார வேண்டும், இல்லையென்றால் பல் சிக்கி உடையும். பல்லின் முகம் முன்பக்கம் பார்க்க மாட்டுங்கள். தள்ளும்போதுதான் வெட்ட வேண்டும், இழுக்கும்போது சும்மா வர வேண்டும்.

பாரிமுனை நடை

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குங்கள். டூல்ஸ் கடைகள் இருக்கிற லிங்கிச் செட்டித் தெருவுக்கும் செம்புதாஸ் தெருவுக்கும் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டு, அதனால் சனிக்கிழமை காலையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள். வாங்கும்போது பில் கண்டிப்பாகக் கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த மெஷினுக்கு வாரண்டி கிடையாது என்று அர்த்தம். பிரபல கம்பெனி பெயரில் போலி டிரில் பிட்டும் கிரைண்டர் டிஸ்கும் நிறைய ஓடுகின்றன. மெஷினின் பெயர்த்தகட்டில் உள்ள சீரியல் நம்பரும் அட்டைப்பெட்டியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

காயலான் கடையில் பழைய ஸ்பானர் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இரும்பு அருமையாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பழசில் பாதி இங்கிலாந்து அளவு. 3/8 W என்று அடித்திருந்தால் அது போல்ட்டின் விட்டம், ஸ்பானர் வாயின் அளவு இல்லை. வாயை அளந்தால் 18 மில்லிமீட்டர் வரும். இப்போதைய மோட்டார் சைக்கிள் நட்டுக்கு 17 வேண்டும், 19 வேண்டும். நடுவில் நிற்கிற 18 இரண்டுக்கும் உதவாது. வாயைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர் காலிபர் பையில் வைத்துக்கொண்டு போங்கள். சுத்தியல் தலை, உளி, பெஞ்ச் வைஸ் இவையெல்லாம் பழசாகவே வாங்கலாம், தாராளமாக.

கொருக்குப்பேட்டை ஒயரிங்

டிரில் பற்றி நான் சொல்கிறேன், தினமும் கையில் வைத்திருப்பதால்.

வீட்டுச் சுவர் செங்கல்லும் பூச்சுமாக இருந்தால் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) உள்ள சாதாரண ஹேமர் டிரில் போதும். அலமாரி, கண்ணாடி, கொடிக்கம்பி எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் பில்லர், பீம், கூரை என்று கான்கிரீட்டில் ஓட்டை போட வேண்டுமானால் அது திணறும். நீங்கள் முழு பலத்தையும் கொடுத்து அமுக்குவீர்கள், பிட்டு சிவந்து பதம் போய்விடும். அங்கே எஸ்டிஎஸ் பிளஸ் ரோட்டரி ஹேமர்தான். போஷ் 1975இல் கொண்டுவந்த அந்தப் பிடிமானத்தில் பிட்டு சக்குக்குள் முன்னும் பின்னும் நகரும். உள்ளே இருக்கும் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. கையால் அமுக்கவே தேவையில்லை, பிடித்துக்கொண்டால் போதும். வருஷத்துக்கு ஒரு தரம் கூரையில் வேலை என்றால் அதை வாடகைக்கு எடுங்கள். பிட்டின் அடிக்கு ஒரு சொட்டு கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடவே கூடாது. ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போயிருக்கும். பழைய வீட்டில் குறுக்காகவும் போயிருக்கலாம், அதனால் மெயினை அணைத்துவிட்டு பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து டிரில் போடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற சுவிட்ச், இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிரில் வாங்குவதற்கு முன்னால் அதை மாட்டுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட மெஷினுக்கு இரட்டைக் காப்பு, எர்த் கம்பி வராது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, பிளையர் கைப்பிடியில் ரப்பர் இருப்பதால் மட்டும் கரண்ட் வேலைக்கு ஆகிவிடாது. 1000 வோல்ட் என்று அச்சிட்டு இரட்டை முக்கோணம் போட்டிருக்கும், அதுதான் சோதித்த சாமான். மற்றதெல்லாம் கை வழுக்காமல் இருக்கப் போட்ட உறை.

மாதவரம் ஷெட்

டிரில்லோடு ஒரு நான்கு இஞ்ச் கிரைண்டரும் வாங்கிவிடுங்கள். துருப்பிடித்த கிரில், ஆணி, டைல்ஸ் எல்லாவற்றுக்கும் அதுதான்.

பெரம்பூர் ஃபிட்டர்

வேண்டாம் தம்பி. வீட்டில் முதல் வருஷம் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஹாக்சாவில் பத்து நிமிஷத்தில் ஆகிற வேலைக்கு கண்ணைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மாதவரம் ஷெட்

அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் கடற்கரை ஓர வீட்டில் கேட் கீலே துருப்பிடித்து இறுகிவிடுகிறது. அதை ஹாக்சாவால் அறுக்க முடியாது, பிளேடு நுழைய இடமே இருக்காது. வாங்கட்டும், முறையாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

தம்பி, டிஸ்கின் நடுவில் ஒரு உலோக வளையம் இருக்கும். அதில் V போட்டு மாதமும் வருஷமும் அடித்திருப்பார்கள். அதுதான் காலாவதி, தயாரித்ததிலிருந்து மூன்று வருஷம். பிசினால் ஒட்டிய டிஸ்க் ஈரத்தை இழுத்துக்கொண்டு பலம் இழக்கும், கடல் காற்றில் இன்னும் மோசம். நான்கு இஞ்ச் டிஸ்கில் 15,000க்கு மேல் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) போட்டிருக்கும், மெஷின் 11,000 அல்லது 12,000 ஓடும். அந்த இடைவெளிதான் நமக்குப் பாதுகாப்பு. டிஸ்கை மூடியிருக்கிற கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து இஞ்ச் டிஸ்க் மாட்டுகிறவர்கள் அந்தப் பாதுகாப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். மர ரம்பப் பல் டிஸ்கை கிரைண்டரில் மாட்டவே கூடாது. மரத்தில் கவ்வி அப்படியே ஆள் மேல் எகிறும். புது டிஸ்க் போட்டால் பக்கவாட்டில் நின்று அரை நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

பெரம்பூர் ஃபிட்டர்

கீல் விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கைப்பிடியும் பிடித்து, கார்டோடு, குழந்தைகள் இல்லாத நேரத்தில்.

காசிமேடு எஞ்சின்

துரு பற்றி நாங்கள் சொல்லாமல் யார் சொல்வது? படகு எஞ்சின் வேலை, நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கை.

எண்ணெய் தடவினேன், அப்படியும் துருப்பிடித்தது என்று எல்லாரும் சொல்வார்கள். உப்பின் மேலே எண்ணெய் தடவினால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து தின்னும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு காய்ந்த துணி. பிறகு ஐந்து நிமிஷம் வெயில் அல்லது ஃபேன் காற்று. அதற்கப்புறம்தான் எண்ணெய். இந்த வரிசை மாறக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்புக்கு ஆபத்து, உப்புப் படிந்திருந்தால் அதற்குக் கீழேயே ஆரம்பித்துவிடும். நம் பக்கம் 60க்குக் கீழே இறங்குகிற நாள் எத்தனை?

ஸ்ப்ரே டப்பாவில் வருவது ஈரத்தை விரட்டும், இறுகிய நட்டை விடுவிக்கும். ஆனால் சீக்கிரம் ஆவியாகிப் போகும். அதை மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள். நெடுநாள் வைப்பதற்கு கிரீஸ், அல்லது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பெட்ரோலியம் ஜெல்லி. மெல்லிசாகத் தேய்த்து, தாளில் சுற்றி வையுங்கள்.

கறுப்பு நிற ஸ்பானரைவிட குரோம் பூசியது நம் பக்கம் நிலைக்கும். ஆனால் குரோம் எங்காவது உரிந்தால் அந்த இடத்தை வாரம் ஒரு தரம் பாருங்கள். துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போய் தகடு தகடாகப் பெயர்க்கும்.

ஏற்கெனவே துருப்பிடித்த உங்கள் அப்பா சாமானை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கருஞ்சாம்பல் நிறமாக இரும்பு தெரியும். சோடா உப்பு கலந்த தண்ணீரில் கழுவி புளிப்பை முறித்துவிட்டு உடனே காயவைத்து எண்ணெய் போடுங்கள். கழுவிவிட்டு டீ குடித்து வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும், அவ்வளவு பசியாக இருக்கும் அந்த இரும்பு.

வண்ணை மெஷின்

காசிமேடு அண்ணா சொன்னதோடு நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் யூனிட் வைத்திருக்கிறேன், மெஷின் ரிப்பேர் பாதிக்கு மேல் நானே பார்த்துக்கொள்வேன்.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். கொஞ்ச நாளில் காறிப் பிசினாகிவிடும், ஸ்பானர் திருகு நகராது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் போதும், நிறமில்லை, வாடை இல்லை.

இரண்டாவது, இதை யாருமே சொல்வதில்லை: டூல்ஸ் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலும் டூல்ஸும் ஒரே பரணில் இருந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்த ஆவி கசியும். உப்புக் காற்றைவிட வேகமாக அது இரும்பைத் தின்னும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். முதல் வேலையாக அதை வேறு பக்கம் வையுங்கள்.

பேர் போடுவதற்கு வருகிறேன். நம் வீடுகளில் கல்யாணப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது பரம்பரை பழக்கம்தானே? அதே பாத்திரக்கடையில் அதே கருவியால் ஸ்பானரிலும் வெட்டித் தருவார்கள். முனை கார்பைடு, கெட்டி இரும்பிலும் ஓடும். என் பிளையர் மூட்டுப் பக்கத்தில் தமிழில் இரண்டு எழுத்து இருக்கிறது. இனிஷியலை மட்டும் போடாதீர்கள், ஒரு காம்பவுண்டில் இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல் வரும். வீட்டுப் பேர், தெருப் பேரில் முதல் எழுத்து ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதவரம் ஷெட்

லெட்டர் பஞ்ச், அதான் நுனியில் எழுத்து வெட்டின இரும்புக் குச்சி, வைத்துச் சுத்தியலால் அடித்தால் இன்னும் ஆழமாக விழும் அக்கா.

பெரம்பூர் ஃபிட்டர்

எதில் அடிப்பது என்று தெரிந்து அடிக்க வேண்டும். ஹாக்சா ஃபிரேம், கடப்பாரை, வைஸ், இரும்புப் பெட்டி, இவற்றில் அடிக்கலாம். அரம், உளியின் வாய்ப்பக்கம், டிரில் பிட்டு, சுத்தியல் முகம், இவற்றில் பஞ்ச் வைக்கவே கூடாது. கடினப்படுத்திய எஃகு, சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். ஸ்பானர் வாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கேதான் விசை முழுக்க ஏறுகிறது.

கொருக்குப்பேட்டை ஒயரிங்

பஞ்ச் இறங்காத சாமானுக்கு ஒரு வழி இருக்கிறது. சுத்தமாகத் துடைத்து, பேர் போட வேண்டிய இடத்தில் நெயில் பாலிஷ் பூசுங்கள். காய்ந்ததும் ஊசியால் எழுத்தைக் கீறி இரும்பு தெரிகிற மாதிரி செய்யுங்கள். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை டூலோடு இணையுங்கள். மைனஸ் கம்பியின் நுனியில் பஞ்சு சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து எழுத்தின் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். சிறு குமிழி வரும், பஞ்சு கறுக்கும், கீறிய இடத்தில் மட்டும் இரும்பு அரித்துக் குழியும். சில நிமிஷத்தில் நகத்துக்குத் தட்டுப்படுகிற ஆழம் கிடைக்கும். பிறகு பாலிஷைத் துடைத்து, உப்பு போக நன்றாகக் கழுவி, எண்ணெய். உளி, கத்தி, அரத்தின் வால் இவற்றுக்கு இது அருமை. குரோம் பூசியதற்கும் எவர்சில்வருக்கும் இதைச் செய்யாதீர்கள், வெளிவருகிற கழிவு உடம்புக்கு ஆகாது.

பவர் டூலின் பிளாஸ்டிக் உடம்பைச் சூடு வைத்து எழுதவோ ஆழமாகக் கீறவோ வேண்டாம். அந்த உடம்புதான் கரண்டிலிருந்து காக்கிற காப்பு. பெயிண்ட் மார்க்கர் போதும், மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட். பெயர்த்தகட்டை மறைக்காதீர்கள். சீரியல் நம்பரையும் பில்லையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். திருடு போனால் ஸ்டேஷனில் புகார் எழுதும்போது அந்த நம்பர்தான் பேசும்.

காசிமேடு எஞ்சின்

படகில் நாங்கள் கலர்தான் பார்ப்போம். கைப்பிடியில் இரண்டு வளையம், பச்சை மேலே மஞ்சள் கீழே. தூரத்திலிருந்தே தெரியும், கேட்டு வாங்கவே வேண்டாம். வெட்டின பேர் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டும் இருந்தால் நல்லது.

வண்ணை மெஷின்

ஆமாம் அண்ணா, காம்பவுண்டுக்கு கலர்தான் முதல் காவல். பாதிப் பேர் வேண்டுமென்று வைத்துக்கொள்வதில்லை, தங்களுடையது என்று நினைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

பெரம்பூர் ஃபிட்டர்

இரவல் கொடுப்பதற்கு ஒர்க்‌ஷாப் வழக்கம் ஒன்று சொல்கிறேன். டூல் ரூமில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. டூலை வாங்கினால் அது இருந்த ஆணியில் டோக்கனை மாட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால்தான் டோக்கன் கைக்கு வரும். சாயங்காலம் சங்கு ஊதும்போது பலகையைப் பார்த்தாலே எது வெளியே, யாரிடம் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் ஒரு பிளைவுட் பலகை எடுத்து ஆணி அடித்து, ஒவ்வொரு டூலையும் வைத்து அதன் உருவத்தைப் பெயிண்டால் கோடு போட்டு வரையுங்கள். காலி இடம் உடனே கண்ணில் படும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போனால் அந்த ஆணியில் ஒரு துண்டுச் சீட்டில் பேர் எழுதி மாட்டுங்கள். அவர் முன்னாலேயே மாட்டுங்கள். யார் மனமும் நோகாது, சாமானும் திரும்பி வரும். பலகையை வெளிச்சுவரில் சாற்றாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் இழுக்கும். உள்சுவரில், ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

டிரில் பிட்டு, உளி, கிரைண்டர் டிஸ்க் இவற்றை இரவல் கொடுக்கவே வேண்டாம். மொட்டையாகித்தான் வரும். கிரைண்டர் வேண்டுமென்றால் நீங்களே போய் வேலையை முடித்துக் கொடுத்துவிடுங்கள்.

எர்ணாவூர்

வெள்ளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கீழே இருப்பவர்கள் தயவுசெய்து மெஷின்களை இடுப்புக்கு மேலே வையுங்கள்.

மூழ்கின மெஷினை ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்ச் போடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவி, நிழலும் காற்றுமாகப் பல நாள் காயவிட வேண்டும். கியர் பெட்டியில் பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். ஒயிண்டிங் கடையில் மெக்கர் (மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மீட்டர்) வைத்துச் சோதித்த பிறகுதான் கரண்ட். கார்பன் பிரஷ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் தீப்பொறி அதிகமாகும்.

தண்ணீரில் கிடந்த லித்தியம் பேட்டரியை மட்டும் காயவைத்துக்கூட சார்ஜ் போடாதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகி எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வெளியே வைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல பேட்டரியையும் நாள்கணக்கில் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

காலடிப்பேட்டை முதல்மாடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆசிட் பாட்டில் அதே பரணில்தான் இருந்தது அக்கா, இன்றைக்கே எடுத்துவிட்டேன். இப்போதைக்கு ஹேமர் டிரில் மட்டும், ஆர்சிசிபி போட்ட பிறகு. இன்னும் இரண்டு சந்தேகம். சுத்தியல் தலை ஆடுகிறது, தண்ணீரில் ஊறப்போடச் சொல்கிறார்கள், சரியா? ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது, என்ன செய்வது?

பெரம்பூர் ஃபிட்டர்

தண்ணீரில் ஊறினால் கட்டை உப்பி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட ஆடும், ஓங்கும்போது தலை பறக்கும். தலையைக் கழற்றி, கருவேலங்கட்டையில் புதுக் கைப்பிடி செதுக்கிப் போடுங்கள். மேல்முனையில் வாள் வெட்டுப் போட்டு மர ஆப்பு இறக்கி, அதற்குக் குறுக்கே ஒரு இரும்பு ஆப்பு அடியுங்கள். கைப்பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் பிடி வழுக்காது.

பூஜைக்கு முதல் நாள் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். சந்தனத்தை இரும்பின் மேல் வைக்காமல் கைப்பிடியில் வையுங்கள், அல்லது பெட்டியில் வையுங்கள். எலுமிச்சம்பழச் சாறு படாமல் பாருங்கள். விஜயதசமி அன்று காலையில் எடுத்ததும் ஈரத் துணி, காய்ந்த துணி, எண்ணெய். காசிமேடு தம்பி சொன்ன அதே வரிசைதான்.